பனிச்சங்குளத்து முதலை

என் அக்காவின் புருசன் நவரத்தினத்தை மடு வீதிப் பக்கம் எல்லோருக்கும் சைக்கிள் திருத்துகிறவராகத்தான் தெரியும். சந்தி வேப்பமரத்துக்குக் கீழே நாலு தகரம் போட்ட கடை. ஒட்டுப் போட வந்தவன் போக நினைத்தாலும் கதை முடியாமல் விடமாட்டார். அப்படிப்பட்ட வாயாடி மனிதர், காலை ஆறரைக்குப் பனிச்சங்குளத்தின் கரைக்கட்டில் ஏறியதும் ஊமையாகிவிடுவார். கையில் றீல் பூட்டிய தூண்டில் தடி, தோளில் பழைய உரப்பை. அந்த இரண்டு மணித்தியாலமும் அவரோடு பேச விரால் மீனுக்கு மட்டும்தான் அனுமதி.

அவர் கறிக்காக மீன் பிடித்தவர் இல்லை. இதை ஊரில் யாரும் நம்பவில்லை. பிடித்த விராலை ஈரக்கையால் தூக்கி, கொளுக்கியைக் கழற்றி, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீரில் விடுவார். பத்துக்கு ஒன்று வீட்டுக்கு வரும். "குளத்துக்குப் போய் மீனை விசாரிச்சுப்போட்டு வாறியளோ?" என்று இராசம்மா அக்கா கத்துவாள். அத்தான் சிரித்துக்கொண்டு கை கழுவுவார். அது அவருடைய விளையாட்டு. வேறு எந்த விளையாட்டும் அவருக்குத் தெரியாது.

சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமிலும் அப்படித்தான். செட்டிகுளத்தில் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற காலம். கூடாரத்துக்குள் குந்தியிருந்து, அறுந்த செருப்பொன்றைப் பிளேட்டால் செதுக்கித் தவளை செய்துகொண்டிருந்தார். குளிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் இந்த மனுசன் யாருக்குத் தவளை செய்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தத் தவளையை இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு எங்களை ஊரில் கொண்டுவந்து இறக்கிய மறுநாளே குளத்தில் எறிந்தார். எங்கள் தகரக் கொட்டிலுக்குக் கதவு வைத்தது அதற்குப் பிறகுதான்.

பொய்யிரை போட்டு மீன் பிடிப்பதை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை. மண்புழுவும் மாவுருண்டையும்தான் எங்களுக்குத் தெரியும். "விரால் செருப்புத் தின்னுமோ?" என்று கடையில் கேலி பண்ணுவார்கள். தின்னாது, ஆனால் அடிக்கும் என்பார் அத்தான். பாட்டாச் செருப்பில் உடம்பு, சைக்கிள் ரியூப்பில் கால், வயிற்றுக்குள் ஈயத்துண்டு. கொளுக்கி இரண்டும் முதுகுப்பக்கம் மேல் நோக்கி இருக்கும். தாமரை இலையில் மாட்டாது. பழைய பெல் மூடியை வெட்டித் தகடு செய்து வாலில் கட்டுவார். றீலை மாத்திரம் மன்னார் பஜாரில் காமில் என்பவரின் கடையில், ஒரு சைக்கிளைத் திருத்திக் கொடுத்து மாற்றாக வாங்கியிருந்தார்.

எனக்கும் பழக்கிவிட்டார். சூரியனைப் பார்த்தபடி நில்லு, உன் நிழல் தண்ணியிலை விழக்கூடாது. கொளுக்கி முனையை நகத்திலை வைச்சுப் பார், வழுக்கினால் மொட்டை. முடிச்சை இறுக்க முதல் எச்சில் போடு, இல்லாட்டித் தங்கூசி சூட்டிலை கருகும். தங்கூசி என்பது நாங்கள் நைலோன் நூலுக்குச் சொல்வது. மீன் இருக்கிற இடத்துக்கு எறியாதை, அதைத் தாண்டி எறி. வட்டம் அடங்குமட்டும் அசையாதை. பிறகு இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம். விரால் அடிச்ச உடனை வெட்டி இழுத்தால் தவளைதான் திரும்பி வரும். மூன்று எண்ணு. அது வாயை மூடித் திரும்பட்டும். அதுக்குப் பிறகு நூல் தளரவும் கூடாது, முறுகவும் கூடாது. தளர்ந்தால் துப்பும், முறுகினால் அறுக்கும்.

சிவப்புக் குஞ்சுகளோடு மேலே வருகிற தாய் விராலுக்கு எறியவே மாட்டார். பற்றையில் அறுந்து தொங்குகிற தங்கூசியைக் கண்டால் யாருடையது என்று பார்க்காமல் உள்ளங்கையில் சுற்றி எடுத்துப் பைக்குள் போடுவார். கொக்கின் காலில் ஒருமுறை சிக்கி, அதை அவிழ்க்கப் போய்க் கொத்து வாங்கியவர். அந்த நாளிலிருந்து கையே தானாகச் சுற்றும்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பெயர் யோகராசா. நான் பயந்தவன். நாய் குரைத்தால் சைக்கிளை விட்டு இறங்குகிறவன். மீனில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. அப்படியிருந்தும் இரண்டு வருடம் ஒரு காலை தவறாமல் அத்தானோடு குளத்துக்குப் போனேன். பாசம் என்று அக்கா நினைத்தாள். காரணம் வேறு.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மாசியில், சண்டை எங்கள் பக்கம் நெருங்கியபோது, இயக்கத்தார் வந்து வீட்டுக்கு ஒருவர் பதுங்குகுழி வெட்ட வரவேண்டும் என்றார்கள். நான் போனேன். குழி வெட்டியது முதல்நாள் மட்டும்தான். அடுத்த இரண்டு நாளும் குளத்தின் வான்கரைக்கு அப்பால் உள்ள பாலை மரக் காட்டுக்குள் பெட்டி சுமந்தேன். குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற இடம்தான் வான். பெட்டிக்குள் என்ன என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மரத்துக்கு மரம் தங்கூசி கட்டியதை என் கண்ணால் கண்டேன்.

முகாமில் பதிந்தபோது, இயக்கத்துக்கு ஏதாவது வேலை செய்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மூன்று நாள் சுமந்தவனையும் மூன்று வருடம் இருந்தவனையும் ஒரே பஸ்ஸில் ஏற்றித் தடுப்புக்குக் கொண்டுபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். வேறு என்ன சொல்வேன்?

ஊருக்குத் திரும்ப முதல் மிதிவெடி அகற்றுகிறவர்கள் வீதியையும் வயலையும் குளக்கட்டையும் துப்புரவாக்கிக் கொடுத்திருந்தார்கள். பாலைக் காட்டைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதனால் அங்கே மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையும் இல்லை. பலகை இல்லாத இடம் நல்ல இடம் என்றுதான் எங்கள் சனம் நடந்தது. நான் வாய் திறந்திருக்கலாம். திறந்தால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பது.

ஆகவே ஒரு முதலையை உண்டாக்கினேன். வான்கரைக்கு அந்தப் பக்கம் பெரிய முதலை கிடக்கிறது, கன்றுக்குட்டியை இழுத்ததை நானே கண்டேன் என்று சந்தியில் சொன்னேன். எங்கள் குளங்களில் முதலை புதுமையில்லை, ஊர் நம்பியது. விறகுக்குப் போகிற பெண்கள் வேறு பக்கம் போனார்கள். ஒரு பொய்யால் ஊரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் பெருமைகூட இருந்தது. ஆனால் அத்தானை நம்பி விடமுடியவில்லை. வான் பாய்ந்து விழுகிற குட்டையில்தான் பெரிய விரால் நிற்கும் என்று அடிக்கடி அந்தப் பக்கம் பார்ப்பார். அதனால் தினமும் கூடவே போய், "அங்கை வேண்டாம் அத்தான், முதலை" என்று இழுத்துக்கொண்டு வருவேன்.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். அவர் தண்ணீரைப் பார்க்கத் தெரிந்தவர். முதலை இருந்தால் கரையில் வயிறு இழுத்த தடம் இருக்கும். அங்கே இல்லை. கொக்குகள் பயமில்லாமல் நின்றன. இரண்டு வருடம் பார்த்துவிட்டு, அத்தான் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தூண்டில்காரன் ஒருவன் ஓரிடத்தைப் பற்றி இன்னொரு தூண்டில்காரனைப் பயமுறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அங்கே பெரிய மீன் இருக்கிறது, அவன் ஒளிக்கிறான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. அக்கா என்னைப் பானையும் கரும்பும் வாங்க விடியவே முருங்கனுக்கு அனுப்பினாள். எட்டரைக்குத் திரும்பி வந்தேன். கடை திறக்கவில்லை. பானையைக் கடை வாசலில் வைத்துவிட்டுக் குளத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். குளக்கட்டில் அத்தானின் சைக்கிள் நின்றது. அத்தான் இல்லை.

வான் முழங்கால் அளவுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அக்கரையில், பாலை மரங்களுக்குள் அறுபது எழுபது அடி உள்ளே, அவருடைய நீலச் சட்டையைக் கண்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தடி கீழே கிடந்தது.

"அத்தான்!"

அவர் திரும்பவில்லை. "கிட்ட வராதை. அங்கையே நில்லு" என்றார். குரல் மிக மெல்லியதாக இருந்தது.

"என்ன செய்யிறியள்? வாங்கோ இங்காலை!"

"என்ரை தவளை காத்துக்குப் பறந்து வந்து இந்தப் பத்தையிலை மாட்டிப்போச்சு. எடுக்க வந்தனான். எடுத்திட்டன். பக்கத்திலை தங்கூசி ஒண்டு தொங்கிச்சுது. ஆரோ அறுத்துவிட்டது எண்டு சுத்தினன்." தலை மட்டும் கையைப் பார்த்துக் குனிந்தது. "இது தூண்டில் தங்கூசி இல்லை, யோகன்."

நான் அப்படியே கரையில் குந்திவிட்டேன்.

அவர் சொன்னதிலிருந்து விளங்கியது இதுதான். ஒரு முனை கட்டியிருந்த கட்டை உக்கி விழுந்து, நூல் பற்றையில் தொங்கியிருக்கிறது. இடது உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் நூல் தடிப்பாகவும் விறைப்பாகவும் இருப்பதை விரல் உணர்ந்திருக்கிறது. மற்ற முனை சருகுக்குள் போகிறது. அந்த முனையில் ஏதோ ஒன்று மயிரளவு அசைந்து நின்றது, மீன் வாய் வைத்துப் பார்க்கிற மாதிரி.

"மெல்ல விடுங்கோ அத்தான்" என்றேன்.

"விட்டால் என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியுமோ? முகாமிலை மிதிவெடி வகுப்பெடுத்தவை என்ன சொன்னவை? இழுத்தால் வெடிக்கிறதும் இருக்கு, விட்டால் வெடிக்கிறதும் இருக்கு. தளரவும் விடன், முறுகவும் விடன். இப்பிடியே வைச்சிருக்கிறன். நீ போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா."

"எவ்வளவு நேரம் நிப்பியள்?"

"நிண்டு கேட்டுக்கொண்டிருந்தியெண்டால் கனநேரம் நிக்கவேண்டி வரும். போ."

மிதிவெடி அகற்றுகிறவர்கள் அப்போது இரண்டு மைலுக்கு அப்பால், மடுவுக்குப் போகிற பாதையோரம் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சைக்கிள் மிதித்த அந்த நேரம் முழுவதும் நான் அத்தானை நினைத்தேன் என்று சொல்ல ஆசை. உண்மை அப்படியில்லை. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்றுதான் யோசித்தேன். மச்சான் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதைச் சொன்னால் போதும். எனக்கு வேறொன்றும் தெரியாது.

குழுத் தலைவி தனுசியா என்ற பெண். அரிப்பு என்ற ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயது வராது. நான் சொல்லி முடிக்கமுதல் ஆட்களுக்குக் கைகாட்டி வாகனத்தில் ஏறச் சொல்லிவிட்டாள். அவர்களோடு எப்போதும் நிற்கிற ஆமிக்காரன் ஒருவனும், சட்டைப்பையில் கொப்பியோடு, பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணை, அந்தக் காட்டுக்கை வேறையும் கிடக்குதோ? ஆருக்காவது தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

சொன்ன உடனேயே என் மேல் எனக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் வாய் அதைத்தான் சொன்னது.

அவள் அவசரப்படவில்லை. "தெரியாட்டி நாங்கள் கரையிலை இருந்து ஒவ்வொரு அடியாத்தான் பார்த்துக்கொண்டு போகவேணும். அவரிட்டைப் போய்ச் சேர இண்டைக்குப் பின்னேரம் காணாது, நாளைக்கும் வேணும். உங்கடை மச்சான் நாளைவரைக்கும் கையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாரோ?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புதைச்சவை தாங்கள் வெளியிலை வர ஒரு பாதை விட்டிருப்பினம். எப்பவும் விடுவினம். அதைக் கண்ட ஆள் ஒராள் இருந்தாக் காணும்."

ஆமிக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் விளங்குமா என்று எனக்குத் தெரியாது. என்னைக் கொண்டுபோனால் வீட்டில் தனியே நிற்கப்போகிற என் மனிசியை நினைத்தேன். அந்தப் பஸ்ஸை நினைத்தேன். அத்தான் இப்போது என்ன எண்ணிக்கொண்டிருப்பார் என்றும் நினைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்குப் பிறகு அவருக்கு எண்ணிப் பழக்கமில்லை.

"நான் கண்டனான்" என்றேன்.

ஆமிக்காரன் கொப்பியை எடுத்தான். "நம?" என்று சிங்களத்தில் கேட்டான். பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயரையும் சொன்னேன்.

திரும்பி வந்தபோது குளக்கட்டில் சனம் கூடிவிட்டது. யாரோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பெண்கள் அவளை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அவள் கத்தவில்லை; சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். கத்தினால் அவர் திடுக்கிடுவார் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

என்னை வானைத் தாண்ட விடவில்லை. இக்கரையில் நின்று காட்டினேன். கோடாலி வெட்டு விழுந்த பாலை, அதிலிருந்து நேரே புற்று, புற்றுக்கு இடப்பக்கத்தால் மாட்டுத்தடம். அதுதான் பாதை. அதற்கு இரண்டு பக்கமும் மூன்று வரிசை. நாலு வருடம் மறக்கப் பாடுபட்ட ஒன்றை நான் ஒரு அடி பிசகாமல் சொன்னேன்.

அப்படியிருந்தும் மூன்றரை மணித்தியாலம் பிடித்தது. தனுசியா முகக்கவசத்தோடு முழங்காலில் நின்று, கருவியை நீட்டி, சாண் சாணாகப் போனாள். கண்ட இடத்தில் சிவப்புக் கட்டை நட்டாள். வெயில் ஏறியது. முசுறு எறும்பு அத்தானின் காலில் ஏறுவதை இங்கிருந்தே பார்த்தேன். அவர் தட்டவில்லை. வலது கையால் இடது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தார். காற்சட்டை நனைந்தது. அதற்கும் அவர் அசையவில்லை. இடையில் ஒருமுறை கை நடுங்கத் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நடுக்கம் நின்றிருந்தது. பெரிய விரால் ஒன்று தாமரைத் தண்டுக்குள் தலையைச் செருகிக்கொண்டால் அவர் அப்படித்தான் காத்திருப்பார்.

ஏழாவது கட்டையை நட்டபோது அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். தான் நடந்து வந்த வழியைப் பார்த்தார். அவருடைய காலடிகளுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கட்டை, அரை முழம் தள்ளி இன்னொன்று. பிறகு தனுசியா என்னைப் பார்த்து, "அண்ணை, புத்துக்கு இடப்பக்கமோ?" என்று சத்தமாகக் கேட்டாள். நான் "ஓம்" என்றேன். அத்தான் தண்ணீருக்கு மேலால் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பார்வையை நான் இன்னும் சுமக்கிறேன்.

கடைசியில் அவள் நூலை ஒரு கம்பியில் மாட்டி நிறுத்தினாள். "ஐயா, இனி விடுங்கோ" என்றாள். அவரால் விட முடியவில்லை. விரல்கள் பூட்டிக்கொண்டன. அவள் தன் கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு விரலாக விரித்து, சுற்றிய நூலைக் கழற்றினாள். உள்ளங்கையில் இரண்டு கோடு நீலமாகப் பதிந்திருந்தது.

வானைக் கடந்து வந்தவர் அக்காவிடம் போகமுதல் என் முன்னால் நின்றார்.

"முதலை எண்டு சொன்னாய்."

"ஓம் அத்தான்."

"நல்ல இடத்தை எனக்கு ஒளிக்கிறாய் எண்டு நினைச்சன், யோகன்."

சொல்லிவிட்டு அக்காவிடம் நடந்தார். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பொங்கல் முடிந்த அடுத்தநாள் ஆமிக்காரர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மன்னாரில் பதினொரு நாள் வைத்துக் கேட்டார்கள். ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் காலை அத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கேற்றுக்கு எதிரே இருந்தார் என்று பிறகு அறிந்தேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்திருக்கிறார். கடைசி நாள் எனக்காகக் கையெழுத்து வைத்ததும் அவர்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது கால் நோகிறதா என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பாலைக் காட்டில் இருந்து ஐம்பத்துமூன்று மிதிவெடி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்றுதான் வாய் திறந்தாள். "இரண்டு வருசம் அவருக்குப் பக்கத்திலை நிண்டு மீன் பிடிச்சனி, தம்பி" என்றாள். எனக்குப் பயம் என்று சொல்லியிருக்கலாம். பயம்தான் உண்மை. ஆனால் அது அவளிடம் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கவில்லை.

பங்குனியில் குளம் வற்றத் தொடங்கியதும் அத்தான் மறுபடி தடியை எடுத்தார். என்னைக் கூப்பிட்டார், நான் போனேன். இப்போதும் போகிறேன். அறுந்த தங்கூசி பற்றையில் தொங்குவதைக் கண்டால் அவர் தொடுவதில்லை. நின்றுவிடுவார். நான் போய்ப் பார்த்து, அது வெறும் தூண்டில் நூல்தான் என்று உறுதி செய்து, என் கையில் சுற்றி எடுக்க வேண்டும். அது என் வேலை என்று இருவருக்கும் தெரியும்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நாங்கள் நிற்பது குளக்கட்டில். நாள் முழுக்க மாடும் சனமும் நடக்கிற இடம். எதிரே தாமரைக்குள் விரால் குமிழி விடும். அத்தான் தடியை உயர்த்துவார். எறியமாட்டார்.

"யோகன், இங்கை போடலாமோ?"

"போடலாம் அத்தான்."

அவர் தண்ணீரைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்ப்பார், மூன்று எண்ணுகிற நேரம். பெட்டி சுமந்த நாட்களில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. பிறகு எறிவார்.